தபாலும் ஆராய்ச்சி மேடமும்

"பழைய துணி வித்து ஒரு இயக்கத்தையே நடத்த முடியுமா?"

ஆராய்ச்சி மேடம் இப்படிக் கேட்டதும், மூலையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சிறைக் காவலர் காதைத் தீட்டிக்கொண்டார். கைதியை யாராவது பேட்டி எடுத்தால் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. மற்ற நாட்களில் தூக்கம் சொக்கும். இந்த மேடம் வந்தால் மட்டும் கதை கேட்கிற சுகம்.

மேடம் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை. தீவிரவாத இயக்கங்களுக்குப் பணம் எப்படி வருகிறது, உள்ளே யாருக்கு யாரோடு தொடர்பு என்று புத்தகம் எழுதுகிறார். எதிரே உட்கார்ந்திருந்த கைதிக்கு இயக்கத்தில் 'தபால்' என்று பெயர். பொட்டலங்களைக் கைமாற்றுவது அவன் வேலை. அதில் ஒன்று சந்தையில் வெடித்துத்தான் உள்ளே வந்தான்.

"தாராளமா நடத்தலாம் மேடம். ஏழைங்களுக்குன்னு சொன்னா போதும், ஜனங்க கடை தேடி வந்து துணியைக் கொடுத்துட்டுப் போவாங்க. போட்ட முதலே கிடையாது, வர்றதெல்லாம் லாபம்."

"அடேங்கப்பா! கடையில வேலை செஞ்சவங்களுக்கு விஷயம் தெரியுமா?"

"எங்கே? பொட்டலத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்கே வெடிச்சப்புறம்தான் தெரியும். செத்தவங்க முகத்தை எல்லாம் பேப்பர்ல பாத்தேன். அன்னிலேருந்து கண்ணை மூட முடியல."

மேடம் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினார். நல்ல மனசு என்று காவலர் நினைத்துக்கொண்டார்.

அவருக்குத் தபால்மேல் இரக்கம் உண்டு. தலைவனைக் காட்டிக்கொடுத்தால் விடுதலை என்று போலீஸ் எப்போதோ சொல்லிவிட்டது. பாவி மனுஷன், தெரிந்தால்தானே சொல்வதற்கு! மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். இன்னும் அவளைக் கம்பிவலைக்கு இந்தப் பக்கமிருந்துதான் பார்க்கிறான்.

"இயக்கத்துல உங்களுக்கு யார் யாரைத் தெரியும்?"

"கடைக்காரர், லாரி டிரைவர். ரெண்டே பேர்தான். அவங்களும் என்னை மாதிரிதான், மேல யாரு இருந்தாங்கன்னு..."

"அது இருக்கட்டும். டிரைவர் உங்ககிட்ட என்னென்ன பேசுவார்? மனசு விட்டுப் பேசுற ஆளா?"

"ஊமைக் கோட்டான் மேடம் அவன்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் என்னென்னவோ கேட்டார். சம்பளம் உண்டா, சண்டை வந்தால் யார் தீர்த்துவைப்பார்கள், புது ஆளை எப்படிச் சேர்ப்பார்கள் என்று விடாமல் துருவினார். காவலரும் டீ குடிக்கப் போக மறந்து உட்கார்ந்திருந்தார்.

"கடைசியா ஒண்ணு. போலீஸ்ல சொல்லாதது, உங்க மனசுல மட்டும் இருக்கிறது ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமே இல்ல மேடம். எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

"ரொம்ப நன்றி. என் ஆராய்ச்சி முடிஞ்சது. இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

மேடம் மலர்ந்த முகத்தோடு விடைபெற்றுக் கிளம்பினார். காவலர் தபாலை அறைக்குக் கூட்டிப் போனார்.

"எவ்வளவு ஆர்வம் பாத்தியாய்யா அந்தம்மாவுக்கு! ஒண்ணு விடாம கேட்டுட்டாங்க."

தபால் நடையில் அப்படியே நின்றுவிட்டான்.

"இல்ல சார், ஒண்ணை விட்டுட்டாங்க. போலீஸ், வக்கீல், பத்திரிகைக்காரங்க, ஏன், நீங்ககூட என்கிட்ட முதல்ல கேட்டது 'உங்க தலைவர் யாரு'ன்னுதானே? இவங்க மூணு தடவை வந்தும் அதைக் கேக்கவே இல்ல. நானா சொல்ல வந்தாலும் பேச்சை மாத்திட்டாங்க."

"அதனால என்ன?"

"பதில் தெரிஞ்சவங்க எதுக்கு சார் கேக்கணும்? ஓடுங்க, வெளி கேட்டை மூடச் சொல்லுங்க!"