நோயாளி வேடம்

"சாகணும்னு தோணுதா உங்களுக்கு?"

சிஸ்டர் பட்டென்று கேட்டதும், வேடிக்கை பார்க்க வந்திருந்த குழுவில் சிலர் நாற்காலியில் நெளிந்தார்கள்.

நெளியட்டும். அதற்குத்தானே வரவழைத்தது.

மனநல வார்டின் தலைமை நர்ஸ் அவள். இந்தக் கேள்வியை இப்படி நேராகக் கேட்கும் வழக்கத்தை இங்கே கொண்டுவந்ததும் அவள்தான். அதற்கு முன்பெல்லாம் நின்ற நிலையில், காகிதத்தைப் பார்த்தபடி, தப்பா எதுவும் யோசனை இல்லையே என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். அப்படிக் கேட்டால் எந்த மனுஷன் வாயைத் திறப்பான்?

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டாள். நோயாளியின் கண்ணுக்கு நேரே உட்கார், கையில் காகிதம் வேண்டாம், சுற்றி வளைக்காதே என்றாள். இல்லாத எண்ணத்தை நாமே தலையில் ஏற்றிவிடுவோம் என்று பெரிய டாக்டர் குதியோ குதி என்று குதித்தார். குதித்தவர் இப்போது குழுவோடு முதல் வரிசையில், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்று இந்த நிர்வாகக் குழு தலையசைத்தால் எல்லா வார்டுக்கும் இந்த முறை வந்துவிடும்.

அசைப்பார்கள். அவளுக்கு அதில் துளியும் சந்தேகமில்லை.

அதுவும் எதிரே நோயாளியாக உட்கார்ந்திருப்பது ஹீரோ. அதே வார்டில் ஆண் நர்ஸ். பயிற்சி வகுப்பில் நோயாளி வேடம் என்றால் அவனை விட்டால் ஆளில்லை, பட்டப்பெயரும் அப்படி ஒட்டியதுதான். மூக்கை உறிஞ்சுவான், தோளைக் குலுக்குவான், சரியான இடத்தில் குரல் கம்மும். போன முறை மருந்தகத்துப் பெண் மனசு கேட்காமல் கைக்குட்டையை எடுத்து நீட்டிவிட்டாள்.

ஒத்திகைப்படி அவன் முதலில் இல்லை என்று மழுப்ப வேண்டும். சிஸ்டர் விடாமல், அதட்டாமல், மறுபடியும் கேட்டுக் காட்ட வேண்டும். கைதட்டல் விழப்போவது அங்கேதான்.

ஹீரோ அவளையே பார்த்தான்.

"ஆமா," என்றான்.

குழுவில் ஒரு சலசலப்பு. பிரமாதமாக நடிக்கிறான் என்று டை கட்டிய ஒருவர் பக்கத்திலிருந்தவரின் காதைக் கடித்தார்.

சிஸ்டருக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பாவிப்பயல், வசனத்தை மறந்துவிட்டானே! இத்தனை பேர் முன்னால் இப்படியா காலை வாருவான்?

பிறகுதான் கவனித்தாள். மூக்கை உறிஞ்சவில்லை. குரல் கம்மவில்லை. யாரோ வீட்டு விலாசம் கேட்டதுபோல் சொல்லியிருந்தான். ஆள் கூட்டம் என்றால் அந்தப் பக்கம் ஒரு பார்வை போடாமல் இருக்க முடியாதவன், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

நிஜமாகச் சொல்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அது அவளுக்குத் தெரியும்.

இந்த வார்டில் படுத்தவர்களில் ஒருவர் விடாமல் கேட்டிருக்கிறாள். சீருடை போட்டுக்கொண்டு கூடவே நடப்பவர்களிடம் கேட்டதேயில்லை. கேட்கத் தோன்றியதுமில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட இது நேரமில்லை. எழுந்திருக்கக் கூடாது. கண்ணை எடுக்கக் கூடாது. சேச்சே, அப்படியெல்லாம் பேசாதே என்று வாயை அடைக்கக் கூடாது. எல்லாம் அவளே போட்ட விதிகள்.

"இன்னிக்கு இது போதும். எல்லாரும் கொஞ்சம் வெளியே போங்க," என்றாள், அவன் முகத்தைப் பார்த்தபடியே.

டை கட்டியவர் விடுவதாயில்லை. பாதிகூடப் பார்க்கவில்லையே, இதை வைத்து நாங்கள் என்னவென்று முடிவெடுப்பது என்று இழுத்தார். எடுக்காவிட்டால் போகட்டும். சிஸ்டர் திரும்பவே இல்லை. என்ன புரிந்ததோ, பெரிய டாக்டர்தான் முதலில் எழுந்து மற்றவர்களைக் கிளப்பிக்கொண்டு போனார். போகிறபோது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

சிஸ்டர் நாற்காலியை முட்டியோடு முட்டி இடிக்கும் அளவுக்கு நகர்த்திக்கொண்டாள். அடுத்து என்ன கேட்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இனி இவனைத் தனியாக விடப்போவதில்லை.

"சொல்லுப்பா. நான் எங்கயும் போகல."

ஹீரோ மூச்சை இழுத்து விட்டான். நாலு பேர் முன்னால் சிஸ்டர் என்று மட்டுமே கூப்பிடுகிறவன், மூடிய கதவை ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

"இன்னிக்கு எனக்கு லீவு, அக்கா," என்றான். "நீங்க கேப்பீங்கன்னுதான் வந்தேன்."