இனம் இனத்தோடு

அந்தமானில் வண்டூர் வார்டு எலெக்‌ஷனில் நின்ற முருகானந்தம், ரோட்டைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ வாயே திறக்கவில்லை.

"எதிர்ல நிக்கிற பிஸ்வாஸ் பெங்காலி. தெலுங்கு, மலையாளம், ராஞ்சிக்காரங்க வோட்டெல்லாம் பாதிப் பாதியாப் பிரிஞ்சிடும். பெங்காலிங்களைவிட நம்ம தமிழாளுங்க ஒரு தலை கூட. வீடு வீடா எண்ணிட்டேன். இனம் இனத்தோடதான் சேரணும், சம்ஜே? புரிஞ்சுதா?" என்று தமிழர் வாசல்தோறும் முழங்கினார். பக்கத்திலேயே நின்று நோட்டீஸ் கொடுத்தாள் மனைவி சுசீலா.

ஒரே ஒரு வோட்டில் தோற்றார்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை எட்டி உதைத்தார். "எவன்டா அந்த எட்டப்பன்? நம்மாளு ஒருத்தன் மாத்திக் குத்திட்டான்!"

கடுகு அரைத்துவிட்ட மீன் குழம்பைத் தட்டில் ஊற்றினாள் சுசீலா. "தமிழாளுங்க யாரும் மாத்திக் குத்தலைங்க. நீங்க எண்ணினதுதான் தப்பு."

"எந்த வீட்டுல தப்பா எண்ணினேன்?"

"நம்ம வீட்டுலதான். இனம் இனத்தோட சேரணும்னு ஊரெல்லாம் கத்தினீங்க, சரி. ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டு வந்த பெங்காலிக்காரியையும் தமிழ்க் கணக்குல சேர்த்தா எப்படிங்க?"