மீரான் பெண் கேட்ட நாள்

டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தை ஆண்ட காலம். மலாக்காவுக்குப் போன கணவன் அங்கிருந்தே தலாக் எழுதி அனுப்பிய பிறகு, செய்னம்பு கடற்கரைப் பக்கமே போகவில்லை. நான்கு வருடம் கழித்து, கப்பலோட்டும் மீரான் அவளைப் பெண் கேட்டு வந்தார்.

கதவுக்குப் பின்னால் நின்று செய்னம்பு தன் தகப்பனாரிடம் சொன்னாள்: "கப்பல்காரர் வேணாம் வாப்பா. இன்னொரு தடவை காத்துக்கெடக்க என்னால ஆவாது."

வாப்பா வாய் திறப்பதற்குள் மீரானின் குரல் கேட்டது. "கடலை விட்டுடுறேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க ஏன் காத்துக்கெடக்கணும்? கூடவே வாங்க."

"பொம்பளைய கப்பல்லயா?" வாப்பா பதறி எழுந்தார்.

மீரான் சொன்ன சொல்லை மாற்றவில்லை. செய்னம்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவருகே நெருங்கி வந்தாள்.

"கப்பல் எப்போ கெளம்புது?" என்று கேட்டாள்.