நாய் பறக்கும்போது நாயைப் பார்க்காதே

"நாய் பறக்கறப்ப நாயப் பாக்காத. வலது கை ஓரத்தப் பாரு," என்று பத்தாவது தடவையாகச் சொன்னாள் செங்கமலம்.

மடியில் இருந்த ஆறு வயது கண்ணகி தலையை ஆட்டினாள். கண் மட்டும் திரையை விட்டு அசையவில்லை.

அவர்கள் உட்கார்ந்திருந்தது திரைக்குப் பின்பக்கம். சுரங்க டவுன்ஷிப் மைதானத்தில் முன்பக்கம் நாற்காலி போட்டிருக்கும். அது பர்மனென்ட் ஆட்களின் குடும்பங்களுக்கு. கான்ட்ராக்ட் ஆட்களின் வீட்டார் இந்தப் பக்கம், மணலில்.

திரை வெறும் வெள்ளைத் துணிதானே, படம் இந்தப் பக்கமும் தெரியும். பேச்சுமட்டும் நாலு வீடு தள்ளி யாரோ பேசுகிற மாதிரி கேட்கும். காற்று வந்தால் துணி உப்பும். படத்து மாமியார், மருமகள், நாய் எல்லோரும் தண்ணீருக்குள் இருப்பவர்களைப்போல மெல்ல நெளிவார்கள்.

நல்ல படம். வைத்தியர் வீட்டு லேகியத்தைத் தின்றுவிட்ட நாய்க்குச் சக்தி வந்துவிடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் அதன் கண்ணுக்குத் தெரிகிறது. மாமியார் ஒளித்துவைத்த முறுக்கு டின்னை மருமகளுக்குக் காட்டிக்கொடுக்கிறது. திருடனை வேட்டியோடு கவ்விக்கொண்டுபோய்ப் புளியமரத்தில் மாட்டுகிறது.

பின்பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லோருக்கும் இடது கைப் பழக்கம். மாமனார் இடது கையால் சோறு பிசைந்தார். அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

"எங்க வூட்டு நாய்க்கும் ஒரு உருண்ட கெடச்சா தேவல. தின்னுட்டுத் தூங்கிகினே கெடக்குது," என்றாள் அடுத்த குடிசை மாணிக்கம்மாள்.

"நாய்க்கு எதுக்குக்கா? அண்ணனுக்குக் குடு," என்றது இருட்டில் ஒரு குரல்.

மணல் முழுக்கச் சிரித்தது. செங்கமலம் சிரிக்கவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்தப் படம் எடுக்கச் சினிமாக்காரர்கள் நெய்வேலிக்கு வந்து, மைன்ஸ் கேட் எதிரில் கிரேனில் ஒரு பொம்மை நாயைக் கட்டி இழுத்தார்கள். ஷிப்டுக்குப் போன ஆட்களை நிறுத்தி, அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். அவர்களில் செங்கமலத்தின் புருஷன் தங்கராசுவும் நின்றான். அப்போது கண்ணகி வயிற்றில் மூன்று மாதம். அவள் பிறப்பதற்குள் மஞ்சள்காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது.

அவன் முகம் இருக்கிற போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. பர்மனென்ட் ஆளுக்குத்தான் கார்டில் முகம் ஒட்டுவார்கள். கான்ட்ராக்ட் சீட்டில் பெயரும் நம்பரும்தான்.

அவனோடு மண் அள்ளிய சிங்காரவேல் இப்போது பர்மனென்ட். நேற்று முன்பக்கம் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டு, நேரே இவள் குடிசைக்கு வந்தார்.

"தங்கச்சி, நம்ம தங்கராசு நிக்கறாம்மா. நாய் பறக்கறப்ப, வலது கை ஓரத்துல, லைட்டுக் கம்பத்தாண்ட. மூணு எண்ணறதுக்குள்ள போயிடும். புள்ளையக் கூட்டிகினு போய்க் காட்டு. நாளைக்குத்தான் கடைசி."

இதோ, திரையில் மைன்ஸ் கேட் வந்துவிட்டது. போலீஸ்காரர் துரத்த, நாய் ஓடிவருகிறது. நான்கு காலும் தரையை விட்டு எழும்புகின்றன.

"இப்பப் பாரு," என்றாள் செங்கமலம்.

மைதானமே ஓவென்றது. கண்ணகி, பாவம், நாயைப் பார்க்கவே இல்லை. வலது ஓரத்தையே பார்த்தாள்.

அங்கே கம்பம் இல்லை. பெரிய மீசைக்காரன் ஒருவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றான். செங்கமலத்துக்கு அவனை யாரென்றே தெரியாது.

திரைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கண் இடது ஓரத்துக்கு ஓடியது. கம்பம். கம்பத்தடியில் தங்கராசு.

காற்று வந்தது. துணி உப்பியது. அவன் ஒருமுறை அவளை நோக்கி வந்து, பின்வாங்கினான். வாய் லேசாகத் திறந்திருந்தது. பொம்மை என்று தெரிந்தும், நாய் நிஜமாகவே பறந்துவிட்டது என்று நம்பினவனைப்போல அண்ணாந்திருந்தான்.

மகளின் மோவாயைப் பிடித்துத் திருப்பக் கையைத் தூக்கினாள். கை பாதியில் இருக்கும்போதே திரையில் வேறு ஊர் வந்துவிட்டது.

"பாத்துட்டம்மா," என்றாள் கண்ணகி. மூச்சு வாங்கியது அவளுக்கு. "அப்பாவுக்கு எம்மாம் பெரிய மீச. என்னப் பாத்து சிரிச்சாரும்மா."

செங்கமலம் வாயைத் திறந்தாள். காலையில் படப்பெட்டி பண்ருட்டி பஸ்ஸில் ஏறிவிடும்.

"ஆமாண்டி," என்றாள். "அவரு சிரிச்ச மொகந்தான்."

அதன்பிறகு கதை எங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகச் சிரித்தன. அவள் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யார் யாரோ வந்துபோனார்கள்.

படம் விட்டுத் திரும்புகிற வழியெல்லாம் எல்லோருக்கும் அதே பேச்சு, நாய் எப்படிப் பறந்தது என்று. அந்த மைதானத்தில் அதைப் பார்க்காதவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

கண்ணகி முன்னால் போனாள். ஒரு கை இடுப்பில் இருந்தது.

"இன்னாடி, தாசில்தார் கணக்கா நடக்கற?" என்றாள் மாணிக்கம்மாள்.

"எங்கப்பா இப்பிடித்தான் நிப்பாரு."

மாணிக்கம்மாள் செங்கமலத்தைத் திரும்பிப் பார்த்தாள். தங்கராசுவை அவளுக்கும் தெரியும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

குடிசை வரும்வரை கண்ணகி கையை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. செங்கமலம் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வந்து, அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.