தானாக எழுந்து நிற்கிறார்

அவள் வலது கையை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டாள்.

வெளியே எடுக்கக் கூடாது. டாக்டர் வந்து, பார்த்து, எழுதி முடிக்கிற வரைக்கும்.

பெஞ்சில் அவளுக்கு வலப்பக்கம் அவள் புருஷன். வெளுத்து மடித்த சட்டை. திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்ட ஏறிய புளியமரம் கீழே போட்ட நாளிலிருந்து, இடுப்பு அவர் சொல்பேச்சுக் கேட்பதில்லை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

போன தடவையும் இதே ஆஸ்பத்திரிதான். டாக்டர் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

மாற்றுத்திறனாளி உதவித்தொகை கிடையாது என்று தாள் வந்தது. காரணம் ஒரே வரி. தானாக எழுந்து நிற்கிறார்.

"பெரிய டாக்டர் வர்றப்ப குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கச் சொல்றியா? மரியாதைக்கு எந்திரிச்சேன். அது ஒரு குத்தமா?" என்று வீட்டில் எகிறினார்.

பார்க்க வந்தவர்களிடம் அதே வரியைச் சொல்லி மீசையையும் நீவிக்கொண்டார்.

"கவர்மெண்டே சொல்லிருச்சுப்பா, நான் தானா எந்திரிக்கிறேன்னு."

அவள் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

எழுந்தது அவர் இல்லை.

அவர் அக்குளுக்குக் கீழே அவள் கை போயிருந்தது. எப்போதும் போவதுபோல. பாயிலிருந்து, பஸ் சீட்டிலிருந்து, சோற்றுத் தட்டின் முன்னாலிருந்து. ஏதாவது பேசிக்கொண்டே கை கொடுப்பாள். ஏதாவது பேசிக்கொண்டே எழுவார்.

"காலு இன்னும் தாங்குது புள்ள."

"ஆமா, தாங்காம."

இப்படியே ஓடிவிட்டது.

மேல்முறையீடு போட்டு இன்றைக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். ஸ்கேன் படமெல்லாம் பைக்குள் இருக்கிறது. ஆனால் டாக்டர் கண்ணால் பார்த்து எழுதுவதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள். அவரைத் தனியே விட்டுவிட்டு அவள் வேலைக்குப் போக முடியாது. இனி அந்தப் பணத்தில்தான் அரிசி வர வேண்டும்.

ஆயா கதவைத் தள்ளினாள்.

"டாக்டரம்மா வர்றாங்க. பொண்ணு பாக்க வந்த மாதிரி சாஞ்சிருக்கீங்களேய்யா, எந்திரிங்க!"

அவர் சிரித்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். டாக்டரம்மா நுழைந்ததும் இரண்டு கைகளையும் குவித்தார். எழுந்தார்.

எழவில்லை.

பெஞ்சு முனகியது. மறுபடியும் முனகியது. குவிந்த கைகள் பிரிந்து பெஞ்சின் விளிம்பைப் பற்றின. கழுத்து நரம்பு புடைத்தது.

முந்தானைக்குள் அவள் விரல்கள் ஒன்றையொன்று நெரித்தன.

அவர் இடப்பக்கம் திரும்பினார். முதலில் தன் அக்குளைப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

பிறகு அவள் முந்தானையைப் பார்த்தார்.

"உக்காருங்கய்யா, உக்காருங்க." டாக்டரம்மா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். முழங்காலைத் தட்டிப் பார்த்தார். பாதத்தைக் கீறிப் பார்த்தார். தாளை எடுத்தவர், எழுதாமல் அவள் பக்கம் நிமிர்ந்தார்.

"எத்தனை நாளாம்மா நீங்க தூக்கிவிடுறீங்க?"



டாக்டரம்மாவின் பேனா காத்திருந்தது.

பெஞ்சிலிருந்து அவள் முகத்தைப் பார்த்தபடி, அவரும்.