நெஞ்சுவலிக்கு வண்டி

"ஆளே ஏறலைன்னா கொடுத்தவங்களே ஆம்புலன்ஸைப் பிடுங்கிடுவாங்கம்மா" என்று 1975-இல் ஒருநாள் புலம்பினார் காரைக்கால் சேவைச் சங்கத் தலைவர் தியாகராசன்.

"எல்லை தாண்டிப் போய்ப் பேசிட்டு வரேங்கய்யா" என்றாள் சங்கத் தொண்டர் அமுதம்.

மறுவாரமே தமிழ்நாட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நெஞ்சுவலி என்று அழைப்பு வந்தவண்ணம் இருந்தது. அத்தனை பேரும் ஆண்கள். காரைக்காலில் கொஞ்ச நேரம் இருந்ததுமே குணமாகிச் சிரித்தபடி திரும்பினார்கள்.

தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் முத்தையன் என்ற நோயாளியை ஊரில் விட்டுவரத் தானே வண்டியில் ஏறினார்.

எல்லைச் சாவடியில் தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் கதவைத் திறந்து, படுத்திருந்த முத்தையனின் வாயை முகர்ந்தார்.

"எங்க பக்கம் மதுவிலக்குன்னு தெரியும்ல, ஐயா?"

வண்டி இன்றோடு போயிற்று என்று தலைவருக்கு வியர்த்தது.

போலீஸ்காரர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் காலையிலேருந்து நெஞ்சு வலிக்குதுங்க. திரும்பிப் போறப்ப ஏத்திக்கிறீங்களா?"