சந்தனப் பொட்டு வைத்த ட்வீசர்

சரஸ்வதி படத்துக்கு முன்னாலிருந்து அதைத் திருட பிரசாத்துக்கு முழுசாகப் பத்து நிமிடம் பிடித்தது. இரண்டு முறை கையை நீட்டினான். இரண்டு முறையும் வாசலில் கார் சத்தம் கேட்டு இழுத்துக்கொண்டான். மூன்றாவது முறை எடுத்தே விட்டான்.

வீடு அவனுடையது. எடுத்த ட்வீசர் என்கிற குட்டி இடுக்கியும் அவனுடையதுதான். ஆனால் அதன் மேல் மூன்று சந்தனப் பொட்டு இருந்தது. பூஜை முடிகிறவரை யாரும் எதையும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டவனும் சாட்சாத் அவனேதான்.

நேற்று மாலை, படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டே மனைவியிடம் கறாராகச் சொல்லியிருந்தான்.

"மஹதி, உன் புக்கை இங்க வச்சிடு. நாளைக்குப் பூரா தொடக் கூடாது."

"நாளன்னைக்கு எக்ஸாம்ங்க!"

"போன வருஷம் பூஜையே போடல. நாலு மார்க்குல போச்சில்ல? நானும் என் சாமானெல்லாம் வச்சிடறேன், போதுமா?"

திருநெல்வேலியில் டாக்டராக இருந்தவள் மஹதி. ஆக்லாந்துக்கு வந்து முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பரீட்சையில் தேறினால்தான் இங்கேயும் டாக்டர். அவள் உள்ளே போனாள். பட்டுத்துணியில் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து படத்தின் முன் வைத்தாள். இன்று காலை கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

பிரசாத்துக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நாளை கிளென்ஃபீல்ட் மாலில் மாடல் கார் போட்டி. உள்ளங்கை அளவு சிவப்புக் கார் தயார், முன்கண்ணாடி வைப்பர் ஒன்றுதான் பாக்கி. பித்தளைத் தகட்டை அமிலத்தில் அரித்து எடுத்த துண்டு அது, தலைமுடி கனம்கூட இருக்காது. விரல் பட்டாலே வளைந்துவிடும். ட்வீசர் இல்லாமல் ஆகாது.

கத்தியும் சாமியிடம் இருந்ததால் சவர பிளேடால் துண்டைத் தகட்டிலிருந்து வெட்டினான். ட்வீசரால் பிடித்து, ஒரு பொட்டுப் பசை தொட்டு, மூச்சை அடக்கிக் கண்ணாடியருகே கொண்டுபோனான். 'டிக்' என்று ஒரு சத்தம். துண்டு துள்ளிப்போய்க் கார்ப்பெட்டில் எங்கோ மறைந்தது.

மாடல் செய்யத் தொடங்கிய இரண்டு வருஷத்தில் ஒரு துண்டுகூட அவன் பிடியை விட்டுப் போனதில்லை. இது சரஸ்வதி கொடுத்த தண்டனைதான் என்று பிரசாத்துக்குப் பட்டது.

தண்டனை தனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. நாளைக்குப் பரீட்சை எழுதப்போகிறவள் மஹதி அல்லவா? ஒரு வருஷமாக வேலை முடிந்து வந்து, தூக்கத்தை விட்டுப் படித்தவள். அவளைப் படிக்காதே என்று தடுத்துவிட்டுத் தான் மட்டும் இப்படிச் செய்ததை நினைக்க வெட்கமாக இருந்தது.

கடையில் வேறு தகடு கிடைக்குமா என்று போனில் கேட்கலாம். நம்பர் பார்க்கப் போனால், எப்போதும் போன் பக்கத்தில் கிடக்கும் டைரக்டரியைக் காணோம். இன்றைக்கு எதுவுமே கைக்குக் கிடைக்காது என்று முடிவு கட்டிவிட்டான்.

மாலை ஐந்து மணிக்கு மஹதி உள்ளே வந்தபோது, அவன் டார்ச் லைட்டோடு கார்ப்பெட்டில் மண்டியிட்டிருந்தான்.

"என்னங்க தேடறீங்க?"

அதற்கு மேல் அவனால் அடக்க முடியவில்லை. "தப்புப் பண்ணிட்டேன் மஹதி. சாமி முன்னாடி வச்ச ட்வீசரை எடுத்துட்டேன். உன்னைத் தொடாதேன்னு சொல்லிட்டு நான் தொட்டுட்டேன்."

மஹதி தோளில் தொங்கிய கனமான பையை இறக்காமல் நின்றாள்.

"நாளைக்கு உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் காரணம். நீயாவது சொன்ன சொல்லைக் காப்பாத்தின. உனக்காகவாவது சரஸ்வதி என்னை மன்னிக்கணும்." அவன் குரல் உடைந்துவிட்டது.

மஹதியின் முகம் சிவந்தது. மெல்ல அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். படத்தைப் பார்த்தாள், பட்டுத்துணியைப் பார்த்தாள், அவனை மட்டும் பார்க்கவில்லை.

"அழாதீங்க. அந்தத் துணிக்குள்ள இருக்கறது டெலிபோன் டைரக்டரிங்க."